நாலு பக்கமும் ஒரே அகலம்

என் மேசையில் ஒரு கருப்புக் கிரானைட் துண்டு இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அளவு. மூன்று ஓரங்கள் இயந்திரத்தில் அறுபட்டு நேராக இருக்கும். நான்காவது ஓரம் உடைந்து சொரசொரப்பாக இருக்கும். மேல்முகம் பாலிஷ் போட்டது. குனிந்து பார்த்தால் தலைக்கு மேல் ஓடும் மின்விசிறி அதற்குள்ளும் ஓடுவது தெரியும். கட்டட வரைபடம் போடும் அலுவலகங்களில் வேலை பார்க்கிறேன். ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் எடுத்துப் போக வேண்டியவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே பெட்டி கட்டுவது என் வழக்கம். அந்தத் தாளில் இந்தக் கல்லை ஒருமுறையும் எழுதியதில்லை. ஒருமுறையும் இது விடுபட்டதும் இல்லை.

இது எனக்கு யாரும் கொடுத்த கல் அல்ல. என் அத்தை மகளுக்குக் கொடுத்தது. அவள் எங்கள் வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டு மறந்து போனாள். மறுநாள் வந்து கேட்பாள் என்று பார்த்தேன், கேட்கவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ தடவை அந்த ஜன்னலில் சாய்ந்து நின்று பேசியிருக்கிறாள். கேட்கவே இல்லை.

அரியலூரில் எங்கள் வீடு ஒரு தெரு, அத்தை வீடு அடுத்த தெரு. அப்பாவின் தங்கைதான் அத்தை. அத்தை மகளும் நானும் ஒரே வயது, ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. பள்ளிக்கு ஒன்றாகப் போவோம். சுண்ணாம்புக்கல் லாரி கடக்கும்போது இருவரும் ஒரே நேரத்தில் தாவணியால் மூக்கைப் பொத்துவோம். பார்க்கிறவர்கள் எங்களை அக்கா தங்கை என்பார்கள். அவளிடம் எனக்கு இருந்த பொறாமைகளை அந்த வயதிலேயே நான் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அவள் முடி எண்ணெய் வைக்காமலே படியும். அவளுக்குச் சளி பிடிக்காது. பேருந்தில் அவளுக்கு ஜன்னலோர இடம் தானாகக் கிடைக்கும். இவையெல்லாம் சின்னவை, வந்து வந்து போனவை. வராமல் போகாமல் அப்படியே இருந்தது ஒன்றுதான். என் அப்பா ஏதாவது ஒன்றை யோசிக்க வேண்டி வந்தால், என் பக்கம் திரும்பாமல் அவள் பக்கம் திரும்பினார்.

அப்பா டைல்ஸ் மேஸ்திரி. அரியலூர், பெரம்பலூர், செந்துறை என்று சுற்று வட்டாரத்தில் அவர் தரை போட்ட வீடுகள் நிறைய. தங்கை மகள் என்பதால் அவளை அவர் 'மருமவளே' என்றுதான் கூப்பிடுவார். நான் 'பாப்பா'. பாப்பா என்று அவர் கூப்பிட்டால் தண்ணீர் கேட்கிறார், அல்லது கண்ணாடியைத் தேடுகிறார் என்று பொருள். மருமவளே என்று கூப்பிட்டால் அவர் மனதில் ஏதோ ஒரு முடிச்சு இருக்கிறது என்று பொருள்.

இத்தனைக்கும் கணக்கில் மதிப்பெண் எனக்குத்தான் அதிகம். மீப்பெரு பொது வகுத்தி, அதாவது இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கிற எண்களில் மிகப் பெரியது, எங்களுக்கு அறிமுகமான வருடம் நான் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன். அது பட்டியல் போடுகிறவர்களுக்கென்றே வைத்த பாடம். முதல் எண்ணின் வகுத்திகளை ஒரு வரியில் எழுது, இரண்டாம் எண்ணின் வகுத்திகளை அடுத்த வரியில் எழுது, இரண்டிலும் இருப்பவற்றை வட்டமிடு, கடைசி வட்டம்தான் விடை. வார்த்தைக் கணக்குகளிலும் குறிப்புச் சொற்களைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். 'மிகப்பெரிய சதுர ஓடு', 'அதிகபட்சம் எத்தனை பேருக்குச் சமமாக' என்று வந்தால் இந்தப் பாடம். 'மீண்டும் எப்போது ஒன்றாக மணி அடிக்கும்' என்று வந்தால் அடுத்த பாடம். என் விடைத்தாளை ஆசிரியை மற்றவர்களுக்குக் காட்டுவார். அத்தை மகளோ விடையை மட்டும் ஓரத்தில் எழுதிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வழிமுறை இல்லாததால் அவளுக்குப் பாதி மதிப்பெண்தான் கிடைக்கும். அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் எப்படிப் போடுகிறாள் என்று நான் முதலில் பார்த்தது அவளுடைய அக்காவின் வளைகாப்புக்கு முந்தைய நாள். கூடத்தில் இரண்டு தாம்பாளம். ஒன்றில் எண்பத்து நான்கு லட்டு, இன்னொன்றில் அறுபது முறுக்கு. எல்லாப் பையிலும் லட்டும் ஒரே எண்ணிக்கை, முறுக்கும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும், ஒன்றுகூட மிஞ்சக் கூடாது, அப்படி அதிகபட்சம் எத்தனை பை போடலாம் என்று அத்தை கேட்டார். நான் உடனே பென்சில் தேடினேன். எண்பத்து நான்கின் வகுத்திகளை எழுதி முடித்து அறுபதைத் தொடங்கியபோது அவள் சொன்னாள்.

“பன்னெண்டு பை போடும்மா. ஏழு லட்டு, அஞ்சு முறுக்கு.”

“அதுக்குள்ளயா? எப்படிடி?” என்றேன்.

“மிச்சத்தப் பாருடி. ஒரு முறுக்குக்கு ஒரு லட்டுன்னு சோடி போட்டா இருவத்து நாலு லட்டு மிச்சம். அறுவதுல அந்த இருவத்து நால ரெண்டு தடவ எடுத்தா பன்னெண்டு மிச்சம். இருவத்து நாலுல பன்னெண்டு சரியாப் போயிடுது. இனிமே மிச்சம் இல்ல. அவ்ளோதான்.”

நான் எழுதி முடித்தேன். பன்னிரண்டுதான் வந்தது. அத்தை அதற்குள் பைகளை எண்ண ஆரம்பித்துவிட்டார். நான் எழுதிய தாளில் யாரோ முறுக்கை வைத்து எண்ணெய் பிடித்துப் போயிற்று. 'மிச்சத்தப் பாருடி' என்பது அவளுடைய வாய்ச்சொல். சண்டையிலும் சொல்வாள், சாப்பாட்டிலும் சொல்வாள். இருக்கிற இரண்டையும் விட்டுவிட்டு, ஒன்றைவிட மற்றொன்று எவ்வளவு கூட என்று மட்டும் பார்ப்பாள். அந்த முறைக்கு ஒரு பெயர் உண்டென்றும், உலகத்தின் மிகப் பழைய கணக்கு முறைகளில் ஒன்று என்றும் பிற்பாடு கல்லூரியில் தெரிந்துகொண்டேன். அவளுக்கு அன்றே தெரிந்திருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், லட்டுப் பிசுக்குக் கையோடு.

அதற்கு அடுத்த கோடை விடுமுறையில் லப்பைக்குடிக்காட்டில் ஒரு வீட்டு வேலை அப்பாவுக்கு வந்தது. அப்பா எங்கள் இருவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். முன்னால் பெட்ரோல் டேங்க் மேல் கருவிப் பை, பின்னால் நாங்கள் இருவரும். நடுவில் உட்கார்ந்தவள் அவள். வீடு புதிது. வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை பார்த்தார். விடுப்பில் வர இருந்தார். வீட்டம்மாதான் நின்று கட்டிக்கொண்டிருந்தார். வாசலில் எங்களைப் பார்த்ததுமே தொடங்கிவிட்டார்.

“மேஸ்திரி, இப்பவே சொல்லிட்டேன். ஹால்ல வெட்டுத் துண்டு ஒண்ணு கூட என் கண்ணுல படக் கூடாது.”

“ஏங்கம்மா, எந்த ஹாலா இருந்தாலும் ஓரத்துல துண்டு விழத்தாங்க செய்யும்.”

“என் நாத்தனா வூட்டுல விழுந்திருக்கு. சோபாவுக்குப் பின்னால நாலு விரக்கட அகலத்துக்கு, நாடா வச்சுத் தச்ச மாதிரி. நான்தான் அதப் பாத்துச் சிரிச்சேன். இப்ப என் வூட்டுலயும் விழுந்துச்சுன்னா அவ சும்மா இருப்பாளா? அவங்க வேற லீவுல வராங்க. இன்ஷா அல்லா அதுக்குள்ள ஹால் முடிஞ்சாகணும்.”

அந்த அம்மாவை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. ஒருத்தியின் தரையை மனதில் வைத்துக்கொண்டு தன் தரையைப் போடுகிறவரின் முகம் எனக்குப் பழக்கமானதாக இருந்தது.

அப்பா டேப்பைப் பிடித்து அளந்தார். நீளம் பதினேழரை அடி, அகலம் பதிமூன்றரை அடி. அந்த அம்மா பார்த்து வைத்திருந்தது ரெண்டுக்கு ரெண்டு வெள்ளை டைல். பதினேழரையிலும் அது சரியாகப் போகாது, பதிமூன்றரையிலும் போகாது. அப்பா தலையைச் சொறிந்துகொண்டு எங்களைப் பார்த்தார். நியாயமாகச் சொன்னால், எங்கள் இருவரையும் பார்த்தார்.

“ஸ்கூல்ல இதத்தான படிக்கிறீங்க? வெட்டாம எப்படிப் போடறதுன்னு சொல்லுங்க பாப்பம். யாரு சொல்றீங்களோ அவங்களத்தான் ஞாயித்துக்கெழம பெரம்பலூர் கல்லுக் கடைக்குக் கூட்டிட்டுப் போவேன். ஒரு ஆளுக்குத்தான் எடம். வரும்போது சாம்பிள் ஏத்தணும்.”

ஒரு ஆளுக்குத்தான் இடம். அப்பாவின் வண்டியில், நடுவில் யாரும் இல்லாமல், அவர் முதுகுக்குப் பின்னால் பெரம்பலூர் வரை. அந்த வயதில் எனக்கு அதைவிடப் பெரிய ஆசை எதுவும் இல்லை. நான் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து முறையாக ஆரம்பித்தேன். அரை அடி இருப்பதால் எல்லாவற்றையும் அங்குலமாக மாற்றினேன். இருநூற்றுப் பத்து, நூற்று அறுபத்திரண்டு. இருநூற்றுப் பத்துக்கு வகுத்திகள் ஏராளம். ஒன்றையும் விடாமல் எழுதினேன். நூற்று அறுபத்திரண்டுக்கு எழுதினேன். வட்டமிட்டேன். கடைசி வட்டம் ஆறு.

அவள் எழுதவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, பூசாத வெறும் தளத்தின் மேல், சுவரை ஒட்டி, ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் விரலோடு சேர்த்துச் சேர்த்து வைத்து நடந்துகொண்டிருந்தாள். ஒரு சுவர், திரும்பி அடுத்த சுவர். அவள் விளையாடுகிறாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

“அப்பா, ஆறு அங்குல டைல்,” என்றேன். “மீப்பெரு பொது வகுத்தி ஆறு. ஒண்ணு கூட வெட்ட வேணாம்.”

அப்பா என் தாளை வாங்கிப் பார்த்தார். “கணக்கு சரிதான் பாப்பா. ஆனா ஆறு அங்குலத்துல ஹாலுக்கு எவன் போடுவான்? அது பாத்ரூம் சுவத்துக்கு ஒட்டறது.”

“வேணாம் தாயி,” என்றார் வீட்டம்மா. “ஹால் பூரா கோடு கோடாத் தெரியும்.”

சரியான விடை, வேண்டாத விடையாகவும் இருக்க முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்குள் அவள் நான்காவது சுவரையும் முடித்துவிட்டுத் தொடங்கிய மூலையிலேயே வந்து நின்றிருந்தாள்.

“மாமா, மிச்சத்தப் பாருங்க. நீளத்துக்கும் அகலத்துக்கும் நாலடிதான மிச்சம்?”

“ஆமா.”

“சுவத்தோரமா நாலு பக்கமும் ஒரே அகலத்துக்கு வேற கல்லு ஓட்டிட்டா, நடுவுல நீளமும் அகலமும் ஒரே அளவுதான கொறயும்? அந்த நாலடி மாறவே மாறாது. நாலடின்னா சரியா ரெண்டு டைலு. அப்ப அகலத்த மட்டும் டைலுக்குச் சரி பண்ணுங்க, நீளம் தன்னால சரியாயிடும். அகலத்துல பன்னெண்டடி வச்சுக்கிட்டா ஒன்ற அடி மிச்சம். இந்தப் பக்கம் முக்கா அடி, அந்தப் பக்கம் முக்கா அடி.”

அப்பா மறுபடி டேப்பை விரித்தார். பதினேழரையில் ஒன்றரை போனால் பதினாறு. எட்டு டைல். அகலத்தில் ஆறு. நான்கு பக்கமும் ஒன்பது அங்குலம். சுவரிலிருந்து அளந்து சாக்பீஸால் கோடு போட்டார். கோடு நான்கு மூலைகளிலும் போய்ச் சேர்ந்தது. பின்பு தொடையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

“மருமவளே!”

“அந்த ஓரத்துல கருப்புக் கல்லு போடலாமா மேஸ்திரி?” என்றார் வீட்டம்மா. முகத்தில் நாத்தனாரை ஜெயித்த களை வந்துவிட்டது. “நடுவுல வெள்ள, சுத்திக் கருப்பு. பாய் விரிச்ச மாதிரி இருக்கும்ல?”

“ஜோரா இருக்கும்மா. கடைல ரெண்டடின்னு விக்கிற டைலு முழு ரெண்டடி இருக்காது. அந்தக் கொறயவும் பார்டர் தின்னுக்கும்.”

அன்று மதியம் அந்த வீட்டில் எங்களுக்குப் பிரியாணி போட்டார்கள். அவள் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவின் பின்னால் உட்கார்ந்து பெரம்பலூர் போனாள். நான் வாசலில் நின்று, வண்டி மறைந்த பிறகும் சத்தம் கேட்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது அவள் கையில் இந்தக் கல் இருந்தது. பார்டருக்கு இந்தக் கல்தான் என்று அவள் தேர்ந்தெடுத்தாளாம். கடைக்காரர் சாம்பிள் துண்டை அவளிடமே கொடுத்துவிட்டாராம். பெரம்பலூரில் பரோட்டா சாப்பிட்டதைப் பற்றிக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். கை வலித்ததோ என்னவோ, பேச்சுக்கு நடுவில் கல்லை ஜன்னலில் வைத்தாள்.

என் பொறாமை சத்தம் போடாதது. அது உட்கார்ந்து கணக்குப் போடும். அவள் ஒருமுறை சொன்னதை நான் வீட்டில் பலமுறை போட்டுப் பார்த்தேன். வேறு வேறு அறைகளை எண்ணிக்கொண்டு, வேறு வேறு அளவில் பார்டர் விட்டு. எப்போதும் வந்தது. இரண்டு எண்களிலிருந்து ஒரே அளவைக் குறைத்தால் அவற்றின் வித்தியாசம் மாறாது என்பது இரண்டாம் வகுப்புக் குழந்தைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும், அந்த ஹாலில் அது என் நினைவுக்கு வரவில்லை. அவளுக்கு வந்தது. அந்த இடைவெளியைப் படித்துக் கடந்துவிடலாம் என்று நினைத்தேன். படித்தேன்.

இன்னொன்றும் நடந்தது, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. அவள் கணக்கை விட்டுவிட்டாள். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு கால்நடை மருத்துவம் படிக்கப் போனாள். ஏன்டி என்று கேட்டதற்கு, “மாடு புடிக்கும்டி” என்றாள். நான் இரவல் வாங்கியாவது வைத்துக்கொள்ள நினைத்த ஒன்றை அவள் கடைத்தெருவில் விட்ட குடை மாதிரி விட்டுப் போனாள். நான் கட்டடக்கலைப் பொறியியல் படித்து, வேலைக்குச் சேர்ந்து, பெரிய பெரிய கட்டடங்களின் தளங்களுக்கு அளவு கொடுத்தேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால், அப்பா போனில் பேசிக்கொண்டிருப்பார். “மருமவளே, ஒரு படிக்கட்டு இப்படி வளையுது, என்ன பண்ணலாம்?” அந்தப் பக்கம் மாடு கத்தும் சத்தம் எனக்கே கேட்கும். நான் அடுத்த அறையில் மடிக்கணினியில் படிக்கட்டு வரைந்துகொண்டிருப்பேன்.

சென்ற வருடம் பெரம்பலூரில் அப்பா அம்மாவுக்காக வீடு கட்டினோம். படம் என்னுடையது. முழங்கால் தேய்ந்து போய் அப்பா வேலையைக் குறைத்துக்கொண்டிருந்த நேரம். ஆனாலும் ஹாலை மட்டும் அவரே போடுவதாகச் சொல்லிவிட்டார். “நான் ஒக்காந்து போடற கடேசித் தரை இதுதான். வேற எவனும் கை வைக்கக் கூடாது.” அவர் அப்படிச் சொன்னதும் நான் ஒரு முடிவு எடுத்தேன். அந்த ஹாலில் யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டி வரக் கூடாது. நீளத்தில் பத்து டைல், அகலத்தில் எட்டு டைல், இடையில் விடும் இடுக்கு உட்பட, வெட்டாமல் கொள்ளாமல் அப்படியே உட்காரும்படி ஹாலை வரைந்தேன். மிச்சம் என்பதே இல்லாத அறை. சொல்லக் கூச்சமில்லை, ஒரு வீட்டின் சுவர்களை நான் அத்தை மகளை மனதில் வைத்துத்தான் நிறுத்தினேன்.

என் படத்தில் இருந்தது பூச்சு முடிந்த பிறகு கிடைக்க வேண்டிய உள்ளளவு. கொத்தனார் அதைச் செங்கல்லுக்குச் செங்கல் அளவு என்று எடுத்துக்கொண்டு சுவரை எழுப்பிவிட்டார். கட்டட வேலையில் அடிக்கடி நடக்கிற தவறுதான். மற்றவர்கள் வீட்டில் நான் பார்த்ததுமே பிடித்திருக்கிறேன். என் வீட்டில் சுவர் எழும்பியபோது நான் ஊரில் இல்லை. சுவர்களுக்குப் பூச்சு ஏறிவிட்டது. அப்பா டைல்களை ஒட்டாமல் வெறுமனே வரிசையாக வைத்துப் பார்த்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன்.

“பாப்பா, பத்தாவது டைலு எறங்கல.”

“எவ்வளவுப்பா கொறயுது?”

“ரெண்டு விரக்கட. அகலத்துலயும் அதே ரெண்டு விரக்கட. கடேசி வரிசைய வெட்டிப் போட்டா யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியும்.”

“அதான பாத்தேன்.” முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். “மருமவளுக்கு ஒரு போன் போடுவமா?”

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. தண்ணீர் தாகம் எடுத்தால் செம்பைத் தேடுவது போலச் சொன்னார். அவருடைய கடைசித் தரை, என் படம், என் சுவர்கள், பக்கத்தில் நான். அவர் விரல் அவளுடைய எண்ணைத் தேடிக்கொண்டிருந்தது.

“போன உள்ள வைங்கப்பா,” என்றேன்.

எனக்கே குரல் கொஞ்சம் ஓங்கித்தான் கேட்டது. அப்பா நிமிர்ந்து பார்த்தார். நான் சுவரோரம் போய் நின்றேன். வெறும் காலில் தளத்தின் குளிர்ச்சி ஏறியது. எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டது. பூச்சு என்பது வேறொன்றும் இல்லை, சுவரோரம் நாலு பக்கமும் ஒரே அகலத்துக்கு ஓட்டிய ஒன்று.

“மிச்சத்தப் பாருங்கப்பா. பூச்சு நாலு சுவத்துலயும் ஒரே கனந்தான். நீளத்துல எவ்வளவு கொறஞ்சுச்சோ அதேதான் அகலத்துலயும் கொறஞ்சிருக்கு. பத்துக்கு எட்டு, மிச்சம் ரெண்டு டைலு. அந்த ரெண்டு டைலு இப்பவும் அப்படியேதான இருக்கு? நீளத்துல ஒண்ணு எடுத்துடுங்க, அகலத்துல ஒண்ணு எடுத்துடுங்க. ஒம்போதுக்கு ஏழு. சுத்தி நாலு பக்கமும் ஒரே அகலம் வரும். அதுல கருப்புக் கல்லு போட்டுடலாம்.”

அப்பா டேப்பை விரித்தார். ஒரு பக்கம் அளந்தார், எதிர்ப்பக்கம் அளந்தார், குறுக்கே வந்து மற்ற இரண்டையும் அளந்தார். ஓரடிக்குச் சற்றுக் குறைவு; நாலு பக்கமும் ஒரே அளவு. அவர் முகம் மலர்வதைப் பார்த்தேன். கை மேலே போவதைப் பார்த்தேன். தொடையில் அந்தத் தட்டு விழுந்தது. லப்பைக்குடிக்காட்டில் விழுந்த அதே தட்டு, அதே சத்தம்.

“அடி ஆத்தீ! அப்படியே மருமவ சொல்ற மாதிரியே சொல்றியே!”

அவரைப் பொறுத்தவரை அதற்கு மேல் ஒரு பாராட்டு இல்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். கல் வாங்கக் கடைக்குப் போகும்போது, நிறம் பொருந்த வேண்டும் என்று மேசையிலிருந்த இந்தத் துண்டை எடுத்துக்கொண்டேன். கடைக்காரர் அதன் மேல் நீர் தெளித்துத் துடைத்துப் பார்த்து, இதே கல்தான் என்று பலகைகளைக் காட்டினார். அப்பாவின் வண்டியில் நான்தான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். நடுவில் யாரும் இல்லை.

கிரகப்பிரவேசத்துக்கு அவள் தாமதமாக வந்தாள். செந்துறைப் பக்கம் ஒரு மாட்டுக்கு மடிவீக்கம் என்று விடியற்காலையில் போய்விட்டு, நேராக வந்தாள். பட்டுப் புடவை, தலையில் பூ, கிட்டே வந்தால் லேசாக மருந்து வாடை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள் தரையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“ஏய், சூப்பரா இருக்குடி! இந்தக் கருப்பு பார்டர் யாரு ஐடியா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா நாற்காலியிலிருந்து சொன்னார். “ஒன்னோடதுதான் மருமவளே.”

“என்னோடதா? நான் எப்ப மாமா சொன்னேன்?”

“லப்பைக்குடிக்காட்டுல. அந்த ஹாலு, பதினேழரைக்குப் பதிமூனற. நீதான ஓரமாவே நடந்துட்டு வந்து சொன்ன.”

அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். நடிப்பு இல்லை; அவளுக்கு நடிக்கத் தெரியாது. “இல்ல மாமா, ஞாபகம் வரல. பிரியாணி போட்டாங்களே, அந்த வூடா? அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு.” என் தோளில் இடித்தாள். “நீதான்டி சொல்லிருப்ப. மாமாக்கு மாறிப் போச்சு. கணக்கெல்லாம் அப்பவே நீதான.”

அப்பா என்னைப் பார்த்தார். கூடத்தில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு சொல் போதும். இல்லை என்றாலும் ஒரு சொல்தான். நான் எல்லோருக்கும் காபி வந்ததா என்று கேட்டேன்.

பந்திக்கு வைத்திருந்த காகிதத் தட்டுகள் மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க, அவற்றின் மேல் இந்தக் கல்லை வைத்திருந்தேன். அவள் அதை எடுத்தாள். கையில் உருட்டிப் பார்த்தாள். பாலிஷ் முகத்தில் தன் பொட்டைச் சரி பார்த்துக்கொண்டாள்.

“இது எங்கடி வாங்குன? நல்லா கனமா இருக்கு. என் மேசையில பேப்பரெல்லாம் பறக்குது. இத நான் எடுத்துக்கட்டா?”

கொடுத்துவிடு என்று மனதுக்குள் யாரும் சொல்லவில்லை. “அது இருக்கட்டும்டி,” என்றேன். “பார்டர் அறுத்த துண்டு பின்னாடி கெடக்கு. நல்லதா ஒண்ணு எடுத்துத் தரேன்.”

“சரிடி,” என்றாள். அதற்குள் அவள் போன் அடித்தது. கல்லைக் கையில் வைத்தபடியே பேசினாள். “சொல்லுங்கண்ணே... கன்னுக்குத் தல தெரியுதா, காலு தெரியுதா? மொதல்ல அதச் சொல்லுங்க... இழுக்காதீங்க, இழுக்காதீங்க! நான் சொல்றதக் கேளுங்க.”

பேச்சோடு பேச்சாக அவள் நடக்க ஆரம்பித்தாள். சுவரை ஒட்டி, கருப்புக் கல்லின் மேல், ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் விரலோடு சேர்த்து. கண் எங்கோ இருந்தது. ஏதோ ஒரு கொட்டகையில், ஏதோ ஒரு பசுவின் பக்கத்தில். கால் மட்டும் தன் பாட்டுக்குப் போயிற்று. நாற்காலி போட்டிருந்த இடத்தில் புடவையைத் தூக்கிக்கொண்டு இடுக்கில் நுழைந்து வந்தாள். வெள்ளைக்குள் ஒருமுறையும் இறங்கவில்லை. ஒரு சுவர், திரும்பி அடுத்த சுவர். அப்பாவும் அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது சுவரும் முடிந்தபோது அவள் தொடங்கிய மூலைக்கே வந்திருந்தாள். அங்கே நான் நின்றிருந்தேன்.

“கன்னு வந்துடுச்சாம்டி,” என்று போனை வைத்தாள். கல்லை என் கையில் திணித்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

கல் சூடாக இருந்தது. ஆறட்டும் என்று அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.